அருவியில் கயிறு கட்டி இறங்கப் பழகணும்: சேலத்திலிருந்து எங்கே, எப்படித் தொடங்கலாம்?

சூரமங்கலத்தாள் | செப்டம்பர் 9, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. போன ஐப்பசியில் ஏற்காட்டில் இருக்கிற கிளியூர் அருவிக்குப் போனோம். படியெல்லாம் இறங்கிக் கீழே போய் நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணி பாறையைத் தடவிக்கிட்டே வருது. இந்தப் பாறை மேல கால் வெச்சு, தண்ணியோட சேர்ந்து இறங்கினா எப்படி இருக்கும்னு அன்னைக்கு மனசில் விழுந்த ஆசை, ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் போகலை.

மாடிப்படியில்கூடக் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்குவேன். உயரம்னா அவ்வளவு பயம். நீச்சல் தெரியாது. எடை 74 கிலோ. இணையத்தில் பார்த்தா "ஒரே நாளில் 100 அடி அருவி, முன் அனுபவம் தேவையில்லை"ன்னு விளம்பரம் வருது. நம்பிப் போகலாமா? இல்ல, முறையா கத்துக்கணும்னா எதிலிருந்து ஆரம்பிக்கணும்? வீட்டில் யாருக்கும் இதில் பழக்கமில்லை, அதனால இங்க கேக்கறேன்.

புல்லட்95 | செப்டம்பர் 9, இரவு 9.52

அக்கா, தாராளமா போங்க. நாங்க ஆறு பேர் போன மழைக்காலத்துல மகாராஷ்டிரா பக்கம் போய் இறங்கிட்டு வந்தோம். காலையில 10 நிமிஷம் சொல்லிக் கொடுத்தாங்க, மத்தியானம் எல்லாரும் கீழே. ரெண்டு அடி எடுத்து வெச்சா பயம் போயிரும். கிளியூர்லயே மேல நல்ல மரம் இருக்கு, கயிறு கட்டினா போதும். ஆள் சேர்ந்தா நானும் வர்றேன்.

காப்பித்தோட்டம் | செப்டம்பர் 10, காலை 6.20

தம்பி, ஏற்காட்டில் 30 வருஷமாகத் தோட்ட வேலையில் இருக்கிறவன் சொல்கிறேன். கிளியூரில் அந்த யோசனையே வேண்டாம்.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கிளியூர்ப் பள்ளத்துக்குப் போகிறது. அருவிக்குக் கீழே நிற்பவன் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மேலே ஏரிப் பக்கம் அரை மணி நேரம் கொட்டியிருக்கும். அது அவனுக்குத் தெரியாது. முதலில் சருகும் நுரையும் வரும். அடுத்துத் தண்ணீர் காப்பிக்கழுநீர் மாதிரி கலங்கும், சத்தம் கனக்கும். இதைக் கண்டதும் கரையில் நிற்பவன் ஓடிவிடலாம். கயிற்றில் பாதியில் தொங்குகிறவன் எங்கே ஓடுவான்?

இன்னொன்று மலைத்தேனீ. உயரமான பாறைச் சரிவில் பெரிய பெரிய அடையாகக் கட்டும். வாசனைத் திரவியம், கூச்சல், புகை எதுவும் அதற்கு ஆகாது. கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். இறங்குகிற தடத்தில் அடை இருக்கிறதா என்று கீழிருந்தே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அனுமதி விஷயமும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. வனத்துறைக்குச் சொல்லாமல் ஒரு மரத்தில் கயிறு கட்டிவிட்டு, ஏதாவது ஆனால் தூக்கி வருவது யார்? இங்கே இருக்கிற தோட்டக்காரர்களும் மலைவாழ் மக்களும்தான். இரண்டு முறை நானே தோளில் சுமந்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு: ஆசையை விடாதீர்கள். இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கயிறும் பாறையும் | செப்டம்பர் 10, மதியம் 1.40

சூரமங்கலத்தாள் அவர்களுக்கு,

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன் நான். இப்போது சேலத்தில் வேறு வேலை, விடுமுறை நாட்களில் பாறை ஏறப் போவேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

வயதும் எடையும் தடையே இல்லை. முறையான ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), கேரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), கயிறு எல்லாமே உங்கள் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்கும். கேரபினரின் பக்கவாட்டில் 22 கிலோநியூட்டன் என்ற மாதிரி எண் பொறித்திருக்கும். கிட்டத்தட்ட 2,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் இருப்பதும் நல்லதுதான். பயமுள்ளவர்கள்தான் சொன்னதைக் கவனித்துச் செய்கிறார்கள்.

அருவியில் தொடங்காதீர்கள். நான் சொல்வதில் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாறையில், 30 அடி உயரத்தில், ஒரே இடத்தில் பத்துத் தடவை இறங்குங்கள். உடம்பு கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டே விஷயம்.

முதலாவது விளிம்பு. மேலே நின்று பின்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பை வெற்றிடத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். கால்கள் தோளகலம் விரிந்து, பாதம் முழுக்கப் பாறையில் பதிய வேண்டும். நின்ற நிலையில் கால் பாறைக்குச் செங்குத்தாக இருந்தால் வழுக்காது. பயத்தில் பாறையைக் கட்டிக்கொள்ளப் போனால் கால் கீழ்நோக்கித் திரும்பி வழுக்கும், முட்டி போய் இடிக்கும். நான் பார்த்த சிராய்ப்புகளில் பாதிக்கு மேல் அந்த முதல் ஆறு அடியில் பட்டவை.

இரண்டாவது பிரேக் கை. இறங்கும் கருவியில் (ஆரம்பத்தில் பெரும்பாலும் எட்டு வடிவ வளையம்) கயிறு வளைந்து போவதால்தான் உராய்வு கிடைக்கிறது. கீழே தொங்கும் கயிற்றை இடுப்போரமாகப் பிடித்திருக்கும் கைதான் வேகத்தை ஆள்கிறது. மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அந்தக் கை கயிற்றை விடக்கூடாது. மேல் கையால் இறுக்கிப் பிடித்துப் பயனில்லை, கை எரியும், அவ்வளவுதான்.

பலர் சொல்லாத ஒன்று: மேலே இருக்கும்போது கீழே தொங்கும் கயிற்றின் எடையே ஒரு பிரேக். 10.5 மில்லிமீட்டர் கயிறு மீட்டருக்குச் சுமார் 70 கிராம். 30 மீட்டர் தொங்கினால் 2 கிலோவுக்கு மேல், நனைந்தால் இன்னும் கனம். அதனால் தொடக்கத்தில் நகரவே நகராது. இறங்க இறங்கத் தொங்கும் கயிறு குறைந்து வேகம் கூடும். புதியவர்கள் மேலே "வரவே மாட்டேங்குது" என்று பிடியைத் தளர்த்தப் பழகிவிட்டு, அடியில் போய்ச் சறுக்குவார்கள்.

பயிற்சிக்குப் பெங்களூர்ப் பக்கம் யோசியுங்கள். ராமநகரப் பாறைகள் நம்மிலிருந்து ஒரு பகல் பயணம். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமியும் பெங்களூரில்தான் இருக்கிறது.

புல்லட்95 | செப்டம்பர் 10, மதியம் 2.05

அவ்வளவு தூரம் எதுக்குங்க? சங்ககிரி மலை இருக்கே.

கயிறும் பாறையும் | செப்டம்பர் 10, மதியம் 2.31

சங்ககிரிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே ஆணி அடிக்கவோ கயிறு கட்டவோ கூடாது. கோயில் இருக்கிற குன்றுகளையும் விட்டுவிடுவோம்.

சூரமங்கலத்தாள் | செப்டம்பர் 10, இரவு 8.48

பெரிய நன்றி ஐயா. ரெண்டு தடவை படிச்சேன். ஒரு சந்தேகம். பிரேக் கையை விடவே கூடாதுன்னு சொல்றீங்க. ஒருவேளை மயக்கம் வந்தா? கல் விழுந்து கையில் பட்டா? மெல்லிய கயிறால ஒரு முடிச்சு போட்டு வெச்சா, கையை விட்டாலும் அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கும்னு ஒரு காணொளியில் காட்டினாங்க. அது இருந்தா போதும்ல?

கேணிமேட்டுத் தம்பி | செப்டம்பர் 10, இரவு 10.10

அக்கா அது பேரு ப்ரூசிக். கட்டாயம் போட்டுக்கோங்க. யாரு வேணாம்னு சொன்னாலும் கேக்காதீங்க.

எங்கப்பா ஓமலூர் பக்கம் கிணறு வெட்டுற வேலைங்க. 80 அடி, 90 அடி கிணத்துல வடத்தப் பிடிச்சே இறங்குவாரு. இடுப்புல ஒண்ணும் இருக்காது. சின்ன வயசுல மேட்டுல நின்னு எட்டிப் பாப்பேன், அவரு தலை சின்னதாயிட்டே போகும். அம்மா கிணத்துப் பக்கமே வராது. நான் காலேஜ்ல என்சிசில பாறை ஏறக் கத்துக்கிட்டப்ப மொத மொத அந்த ப்ரூசிக்கப் பாத்துட்டு, இத்தன வருசம் இது அப்பாவுக்குத் தெரியாமப் போச்சேன்னு அழுகையா வந்துருச்சு. அதனால சொல்றேன், அது இல்லாம கயித்துல தொங்காதீங்க. காஞ்ச பாறையோ அருவியோ, எல்லா எடத்துலயும்.

ஈரச்சட்டை | செப்டம்பர் 11, காலை 5.35

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்தேன். தூங்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் தம்பி சொன்ன கடைசி வரி ஆபத்தானது. அவர் அன்போடுதான் சொல்கிறார், அது புரிகிறது.

நான் அம்மாப்பேட்டை. செவிலியர். 2022 ஆகஸ்டில் சகியாத்ரி மலையில் ஓர் அருவிக்குப் போனேன். ஏற்பாடு செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். 90 அடி. விளிம்பில் நான் சரியாகச் சாயவில்லை. இரண்டு ஆள் உயரம் இறங்கியதும் அங்கே ஒரு பாறைத் திட்டு. அதில் முட்டி மடங்கி, என் எட்டு வளையம் பாறையில் அழுந்தியது. அழுந்தியபோது வளையத்தின் கழுத்தில் கிடந்த கயிறு மேலேறித் தலைப்பக்கம் போய்ச் சுருக்கு விழுந்துவிட்டது. அவ்வளவுதான். மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. சரியாகத் தண்ணீர் விழுகிற இடம்.

மூச்சு விட இடமில்லை. தண்ணீர் ஹெல்மெட்டில் அடிக்கிற சத்தத்தில் மேலிருந்து கத்துவது எதுவும் காதில் விழவில்லை. நான் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. தாடையை நெஞ்சில் அழுத்திக் குனிந்தேன். ஹெல்மெட்டின் முன்விளிம்பு ஒரு சின்னக் கூரை மாதிரி ஆனது. இடது உள்ளங்கையை மூக்குக்கு முன் குவித்தேன். அந்தக் கைப்பிடி அளவு காற்றில்தான் மூச்சு விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். 200 தாண்டியதும் எண்ணிக்கை கலைந்துவிட்டது. குளிரில் விரல் மரத்துப்போனது.

மேலே கயிற்றை மரத்தில் நிரந்தர முடிச்சாகப் போட்டிருந்தார்கள். அதனால் அவர்களால் என்னைக் கீழே இறக்க முடியவில்லை. இன்னொரு கயிற்றில் ஒருவர் இறங்கி வந்து, என்னைத் தன் ஹார்னஸில் மாட்டித் தூக்கி, சுருக்கை எடுத்துவிட்டார். பிறகு கேட்டபோது ஏழு நிமிடம் என்றார்கள்.

ப்ரூசிக் இறுகினாலும் இதே கதைதான். ஈரத்தில் இறுகிய ப்ரூசிக்கை, முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது, மரத்த விரலால் தளர்த்திப் பாருங்கள். காய்ந்த பாறையில் அது உயிரைக் காக்கும். கொட்டுகிற தண்ணீருக்குள் உங்களை அங்கேயே கட்டிப் போட்டுவிடும்.

கயிறும் பாறையும் | செப்டம்பர் 11, காலை 9.12

சகோதரி, இதை எழுதியதற்கு நன்றி. நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன்.

காய்ந்த பாறையில் நின்றுவிட்டால் பத்திரம். யோசிக்க நேரம் இருக்கிறது, உதவி வரும்வரை காத்திருக்கலாம். (அங்கும் அசையாமல் வெகுநேரம் ஹார்னஸில் தொங்கக் கூடாது, காலில் இரத்தம் தேங்கும்.) கொட்டுகிற அருவியில் நிற்பதே ஆபத்து. அங்கே எல்லா ஏற்பாடும் "எப்படியாவது கீழே போய்ச் சேர வை" என்பதற்காகவே செய்யப்பட வேண்டும். பாறையில் பத்து வருடம் ஏறியவர்கள்கூட அருவிக்கு வந்து தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ப்ரூசிக்குக்குப் பதிலாக அருவியில் நம்புவது கீழே நிற்பவரை. தொங்கும் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி ஒருவர் அடியில் நிற்பார். நீங்கள் கையை விட்டால் அவர் கயிற்றை இழுத்து விறைக்க வைப்பார். விறைத்த மறுகணம் உங்கள் எட்டு வளையத்தில் பிரேக் விழும், நின்றுவிடுவீர்கள். அவர் தளர்த்தினால் மெதுவாக இறங்குவீர்கள். நிறுத்துவது, இறக்குவது இரண்டும் அவர் கையில்.

மேலே, கயிற்றை நிரந்தரமாகக் கட்டாமல் விடுவிக்கக்கூடிய முறையில் பூட்ட வேண்டும். ஆங்கரில் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) இன்னொரு எட்டு வளையத்திலோ முண்டர் முடிச்சிலோ (கேரபினரில் போடுவது, கயிற்றை மெல்ல விட்டு இறக்கலாம்) கயிற்றைப் பூட்டி, மீதியை மேலே பையில் வைத்திருப்பார்கள். யாராவது சிக்கினால் பூட்டை அவிழ்த்து, சிக்கியவரைக் கயிற்றோடு சேர்த்துக் கீழே இறக்கிவிடலாம். 90 அடி அருவி என்றால் தொங்குவதற்கு 90, கையிருப்புக்கு 90. குறைந்தது 180 அடிக் கயிறு. ஏற்பாட்டாளர் கொண்டுவந்த கயிற்றின் நீளத்தைக் கேட்டாலே இந்த முறை அவருக்குத் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

எட்டு வளையத்தில் சுருக்கு விழுவது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதைத் தடுக்கக் கொம்பு வைத்த வளையங்கள் வந்திருக்கின்றன. அருவியில் இறங்குபவர்கள் பலரும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்படிக் கயிற்றில் இறங்குவதைக் குறிக்கும் ராப்பல் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் "திரும்ப அழைத்தல்" என்று பொருள். இறங்கி முடித்ததும் கயிற்றைக் கீழிருந்தே இழுத்து வரவழைப்பதால் அந்தப் பெயர்.

கேணிமேட்டுத் தம்பி | செப்டம்பர் 11, மதியம் 12.50

அக்கா, மன்னிச்சுக்கோங்க. தண்ணிக்குள்ள யோசிக்கவே இல்ல. என்சிசில எங்களுக்குக் காஞ்ச பாறை மட்டுந்தான். எழுதுனத அழிக்கல, அப்படியே இருக்கட்டும். என்னை மாதிரி நெனைக்கிறவங்க கீழ உங்க பதிலயும் சேத்துப் படிக்கட்டும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். கீழ நிக்கிற ஆளு போனப் பாத்துட்டு இருந்தா? கிணத்துல அப்பா எறங்குறப்ப மேல ரெண்டு பேரு நிப்பாங்க. ஒருத்தரு பீடி பத்த வெச்சாருன்னா அப்பா வேலைக்கே போமாட்டாரு, அடுத்த நாளு ஆள மாத்திருவாரு. ஒரு முழு உசுர ஒருத்தன் கவனத்துல விடறது சரியா?

கயிறும் பாறையும் | செப்டம்பர் 11, மாலை 6.30

உங்கள் அப்பா செய்வதுதான் சரி. அதே கண்டிப்பு இங்கும் வேண்டும்.

அருவியில் இது இன்னும் கடினம். சாரலில் மேலே இருப்பவர் தெரியமாட்டார், குரல் கேட்காது. கீழே நிற்பவர் கல் விழுகிற நேர்கோட்டிலிருந்து ஒதுங்கி, ஆனால் இறங்குபவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவருக்கும் ஹெல்மெட், கையுறை. கண் எடுக்கக் கூடாது, படம் எடுக்கிற வேலை அவருக்குக் கொடுக்கக் கூடாது. முதல் தடவை இறங்குபவர்களுக்கு மேலிருந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் போடலாம், அதுவும் இறக்கிவிடக்கூடிய முறையில். தண்ணீர் பலமாக இருந்தால் இரண்டு கயிறு முறுக்கிக்கொள்ளும், எனவே லேசான அருவியில் மட்டும்.

குரலுக்குப் பதில் விசில். பலரும் பின்பற்றுகிற வழக்கம்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு மேலே, மூன்று கீழே, நான்கு கயிற்றிலிருந்து கழன்றுவிட்டேன், விடாமல் ஊதினால் ஆபத்து. எந்த வழக்கமாக இருந்தாலும் சரி, இறங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாறை ஆசிரியை | செப்டம்பர் 12, மாலை 4.05

புவியியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் பாறையைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லை வைத்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் அது. மிகக் கடினமான கல். காய்ந்திருந்தால் காலுக்கு நல்ல பிடி கிடைக்கும்.

ஆனால் தண்ணீர் ஓடும் தடத்தில் அதே கல் வழவழப்பாகத் தேய்ந்து, மேலே கரும்பாசி படிந்திருக்கும். பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும், கரும்பாசி பாறை நிறத்திலேயே இருப்பதால் ஏமாற்றும். மழை விட்டு இரண்டு நாள் கழித்து அரை ஈரமாக இருக்கும்போதுதான் இன்னும் மோசமாக வழுக்கும். இன்னொன்று, மலையின் மேல்பகுதியில் செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். விளிம்பில் கயிறு உரசும்போது அவை பெயர்ந்து விழும். அந்த மண்ணில் நிற்கிற மரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வேர் பாறைக்குள் இறங்கியிருக்கிறதா, பாறை மேல் பாய் விரித்தது போலப் படர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது. தோட்டத்துச் சில்வர் ஓக்கைப் பார்த்துக் கயிறு கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

காப்பித்தோட்டம் | செப்டம்பர் 12, மாலை 5.30

அம்மா சொன்னது உண்மை. ஒரே புயல் காற்றில் வேரோடு சாய்ந்த ஓக் மரங்கள் எங்கள் தோட்டத்திலேயே உண்டு.

சூரமங்கலத்தாள் | செப்டம்பர் 12, இரவு 9.20

இவ்வளவு பேர் எனக்காக எழுதுவீங்கன்னு நினைக்கலை. ஈரச்சட்டை அக்கா எழுதினதைப் படிச்சிட்டு ஒரு நாள் முழுக்க வேண்டாம்னு இருந்தேன். அப்புறம் திரும்பத் திரும்பப் படிச்சதில், அக்கா சிக்கினதுக்குத் தண்ணி காரணமில்லை, ஏற்பாட்டில் இருந்த குறைதான் காரணம்னு புரிஞ்சது. அப்போ கத்துக்க முடியும்.

நீச்சல் தெரியாதே, அதுக்கு என்ன பண்றது? என்ன உடை போடணும்?

ஈரச்சட்டை | செப்டம்பர் 13, காலை 7.00

உடை பற்றி நான் சொல்கிறேன். துப்பட்டா, தொளதொளப்பான டிஷர்ட், தொங்கும் கயிறு வைத்த பேண்ட் வேண்டாம். வளையத்துக்குள் கயிறோடு சேர்ந்து உள்ளே போய்விடும். முடியைப் பின்னிச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள். மோதிரம், வளையல், தாலிச்செயின் எல்லாம் வீட்டில். செயினைக் கழற்ற மனமில்லை என்றால் உடைக்குள் ஒட்டுத்துணி போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக் குளிர்த்தும், சீக்கிரம் காயும் துணி நல்லது. ஹெல்மெட் மலையேற்றத்துக்கானது வேண்டும். வண்டி ஹெல்மெட் காதை அடைத்து, தண்ணீரையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். பல் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு போதும். நடுங்குகிற கை கயிற்றைப் பிடிக்காது.

கயிறும் பாறையும் | செப்டம்பர் 13, காலை 10.45

நீச்சல் தெரியாதவர் அடியில் ஆழமான மடு இருக்கிற அருவிக்கே போகக் கூடாது. பாறைத் தட்டிலோ முழங்கால் தண்ணீரிலோ முடிகிற அருவி மட்டும். மிதவை ஜாக்கெட் இருக்கிறதே என்று கேட்பார்கள். அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் நுரைத்துக் காற்று கலந்திருக்கும், அங்கே மிதக்கும் சக்தி குறைவு.

மடுவில் முடியும் அருவிகளில் கயிற்றின் நீளத்தையே வேறு மாதிரி வைப்பார்கள். பாறையில் கயிற்று நுனியில் தடுப்பு முடிச்சு போடுவோம், நுனியைத் தாண்டி விழாமல் இருக்க. மடுவில் அந்த முடிச்சு கருவியில் மாட்டினால் தண்ணீருக்குள் சிக்குவோம். கயிறு அதிகமாகக் கிடந்தாலும் காலைச் சுற்றும். அதனால் நீர்மட்டத்தைத் தொட்டதும் முடிகிற மாதிரி, முடிச்சில்லாமல் வைப்பார்கள். இதெல்லாம் உங்களுக்கு இரண்டாம் வருடப் பாடம், இப்போது வேண்டாம்.

புல்லட்95 | செப்டம்பர் 13, இரவு 8.15

நான் எழுதுனதுல தப்பு இருக்குன்னு புரியுது. நாங்க போனப்ப கயிறு எவ்வளவு நீளம், மேல எப்படி கட்டினாங்கன்னு ஒண்ணுமே பாக்கல. இறங்கினோம், வீடியோ எடுத்தோம், வந்தோம். கிளியூர் யோசனைய விட்டுட்டேன். ஆனா சொந்தமா பழகணும்னு இருக்கு. செவ்வாய்ப்பேட்டையில தடிமனான நைலான் கயிறு கிலோ கணக்குல கிடைக்குதே, அது ஆகாதா?

கயிறும் பாறையும் | செப்டம்பர் 13, இரவு 9.02

தம்பி, ஒத்துக்கொண்டு எழுதியதற்குப் பாராட்டு. அந்தக் கயிறு ஆகாது. சுமை கட்டுகிற கயிற்றுக்கு மனித உயிரைத் தாங்குவதற்கான சோதனை எதுவும் கிடையாது. நமக்கு வேண்டியது உள்ளே இழைக்கற்றையும் மேலே பின்னல் உறையும் கொண்ட, இழுத்தால் அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறு. அதன் நுனியில் இஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருக்கும். நைலான் நனைந்தால் வலு குறையும், கூர்விளிம்பில் உரசினால் நிமிடங்களில் அறுந்துவிடும். உரசும் இடத்தில் சாக்கோ கனத்த துணியோ போடாமல் எந்தக் கயிறையும் தொங்கவிடாதீர்கள். கற்றுக்கொள்கிற வரை சொந்தமாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நல்ல ஹெல்மெட் மட்டும் வாங்குங்கள்.

சூரமங்கலத்தாள் | அக்டோபர் 21, இரவு 10.30

ஆறு வாரம் ஆச்சு. சொல்லாம இருக்க முடியலை.

பெங்களூருக்குப் போய், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ராமநகரத்தில் பயிற்சி எடுத்தேன். 35 அடி காய்ஞ்ச பாறை. முதல் நாள் விளிம்பில் 20 நிமிஷம் நின்னேன். சொல்லிக் கொடுத்தவர் ஒரு தடவைகூட அவசரப்படுத்தலை. "இடுப்பை நாற்காலியில் உட்கார வைங்க"ன்னு மட்டும் சொன்னார். உட்கார்ந்தேன். கயிறு இறுகி ஹார்னஸ் தொடையைப் பிடிச்சது. அந்தப் பிடி வந்ததும் வயித்துல இருந்த பயம் மெல்லக் காலுக்கு இறங்கிப் போன மாதிரி இருந்துச்சு. கயிறு நகரவே இல்லை, கையால தூக்கித் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிப் பத்து அடியில் வேகம் கூடும்னு தெரிஞ்சிருந்ததால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க எழுதினது அப்படியே நடந்துச்சு ஐயா.

ரெண்டாவது ஞாயிறு, பாதியில் இருக்கும்போது "இப்போ ரெண்டு கையையும் எடுங்க"ன்னார். கீழே ஒரு பொண்ணு கயிறு பிடிச்சிருந்தா, என் மக வயசுதான் இருக்கும். அவளைக் குனிஞ்சு பார்த்தேன். என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தா. கையை எடுத்தேன். ஒரு சாண்கூட இறங்கலை. அப்புறம் அவ தளர்த்தத் தளர்த்த, ரெண்டு கையையும் விரிச்சபடியே தரைக்கு வந்து சேர்ந்தேன். இறங்கினதும் அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன்.

மேலே எப்படிப் பூட்டியிருக்கீங்கன்னு கேட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். என்னைப் பாதியில் நிறுத்தி, பூட்டை அவிழ்த்து அப்படியே இறக்கிக் காட்டினார். மொத்தம் 14 தடவை இறங்கியிருக்கேன்.

அருவிக்கு இன்னும் போகலை. லேசா வழியிற அருவியா, மடு இல்லாததா, மழை குறைஞ்சதும் தை மாசம் பார்க்கலாம்னு அவரே சொன்னார். அதுவரைக்கும் நீச்சல் கத்துக்கறேன். நேத்துதான் முதல் தடவையா முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சேன். ஈரச்சட்டை அக்கா மாதிரியே எண்ணினேன். 11 வரைக்கும் முடிஞ்சது.

ஈரச்சட்டை | அக்டோபர் 22, காலை 6.10

11 என்பது பெரிய எண்ணிக்கை. தையில் போகும்போது சொல்லுங்கள், விடுப்பு போட்டுவிட்டு நானும் வருகிறேன். அதற்குப் பிறகு நான் இன்னும் கயிற்றில் கால் வைக்கவில்லை.

காப்பித்தோட்டம் | அக்டோபர் 22, காலை 8.40

இங்கே நான்கு நாளாக விடாத மழை. இன்று காலை கலங்கல் வழிகிறது. கிளியூர்ச் சத்தம் தோட்டம் வரை கேட்கிறது.

கேணிமேட்டுத் தம்பி | அக்டோபர் 26, இரவு 7.55

எனக்கும் சொல்ல ஒண்ணு இருக்கு. மொதச் சம்பளத்துல அப்பாவுக்கு ஹார்னஸும் ஹெல்மெட்டும் வாங்குனேன். இத்தன வருசம் இல்லாததுன்னு மொதல்ல வாங்கவே மாட்டேன்னாரு. இந்த இழைய போன்ல அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். அக்கா சிக்குன எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் படின்னாரு.

நேத்து தாரமங்கலம் பக்கம் 70 அடிக் கிணறு, தூர் வாருற வேலை. மாட்டிக்கிட்டு எறங்குனாரு. காஞ்ச கிணறுங்கறதால ப்ரூசிக் போட்டேன். மேல கயித்தப் பிடிச்சு நான் நின்னேன். அம்மா மொத மொதல்ல கிணத்து மேட்டுக்கு வந்து எட்டிப் பாத்துச்சு.